ஆயுத பூஜைக்கு வைத்த விண்கல்

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் டைரக்டர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கௌதமியின் தோளைத் தட்டினார். இரண்டையும் ஒரே மாதிரிதான் தட்டினார்.

ஆடிட்டோரியம் முழுக்கக் கேசரி பாத்தின் நெய் வாசனை. ஏ.சி. ஓடவில்லை. முன்வரிசையில் டி.வி.க்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், வேர்த்தாலும் கோட்டைக் கழற்றாத ஸ்டார்ட்அப்காரர்கள். கடைசி வரிசையில் கையில் தட்டோடு நான்.

"நம்ம ஆனேக்கல் பக்கம் விழுந்த கல்லுல நிலாவோட அடையாளம் இருக்கு," என்றார் டைரக்டர்.

திரையில் ஒரு படம் வந்தது. சாம்பல் நிறப் பாறை, அதன் பிளவுகளில் பளிச்சென்று சில துணுக்குகள். இல்மனைட். டைட்டானியமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். படத்தை எடுத்தது என் மெஷின். எடுத்தவள் நான். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சார், அப்ப இது நிலாவுல இருந்து வந்த கல்லா?" என்று ஒரு நிருபர் பெண் கேட்டாள்.

"நான் ஆமான்னு சொல்லல. இல்லைன்னும் என்னால சொல்ல முடியல."

மறுநாள் பேப்பர்களில் இரண்டாவது வாக்கியம் மட்டும் வந்தது.

நிலாவில் சுரங்கம் தோண்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஸ்டார்ட்அப்காரர் எழுந்தார். "சார், ஒரு டன்னுக்கு எவ்ளோ டைட்டானியம் கிடைக்கும்?" கல் மொத்தமே ஒரு தேங்காய் அளவு. டைரக்டர் சிரிக்கவில்லை. "குட் கொஸ்டின்," என்றார்.

கௌதமி மேடையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பிஎச்.டி. அந்தக் கல்லின் மேல்தான். கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்படுகிறாள் என்று என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. வயிற்றுவலிக்காரி மாதிரி இருந்தாள்.

நான் யார் என்றால்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலக்ட்ரான் புரோப் என்ற மெஷினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கல்லை வெட்டி, வில்லையாக்கி, கண்ணாடி போலப் பாலிஷ் போட்டு அதற்குள் வைத்தால், ஊசி முனையைவிடச் சின்ன இடத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். யார் கேட்டாலும் ஒரே பதில். டைரக்டர் என்று பார்த்து ஒரு எண்ணைக் கூட்டிச் சொல்லாது. மனிதர்களோடு வேலை என்றிருந்தால் என்றைக்கோ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

போன வாரக் கேன்டீன் சண்டையைப் படித்துவிட்டு, "இத்தனை கோபம் உடம்புக்கு ஆகாதம்மா" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபப்பட வேண்டிய இடத்தில் கேசரி சாப்பிட்டவர்களுக்குத்தான் சர்க்கரை ஏறியிருக்கிறது.

கருப்பு மணல், வெள்ளைச் சுவர்

இல்மனைட் என்றதும் ஏதோ வைரம் என்று நினைக்க வேண்டாம். கன்னியாகுமரிக் கடற்கரையில் அலை போனபிறகு கருப்பாகக் கோடு கோடாக மணல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி இதுதான். அதிலிருந்து டைட்டானியத்தைப் பிரித்து வெள்ளைப் பெயின்ட் செய்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவர் வெளுப்பாக இருந்தால் அதில் இந்தக் கருப்பு மணலுக்குப் பங்கு இருக்கலாம். அதற்காக யாரும் பிரஸ் மீட் வைப்பதில்லை.

விண்கற்களிலும் இல்மனைட் உண்டு. அது புதிய செய்தி இல்லை. நிலாவின் எரிமலைப் பாறைகளில் நிறையவே உண்டு. ஆனால் வானத்திலிருந்து விழுகிற கற்களில் பெரும்பாலானவை நிலாவிலிருந்து வருபவை அல்ல. கிரகமாகச் சேர முடியாமல் போன பழைய பாறைகளின் சிதறல்கள். அவற்றில் இல்மனைட் இருந்தால் பொடிப் பொடியாக, தேடித்தேடிக் கண் வலிக்கிற அளவுக்குத்தான் இருக்கும்.

அந்தப் பொடி இல்மனைட்டுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் மெக்னீசியமும் மாங்கனீசும் உட்கார்ந்திருக்கும். நம் கடற்கரை இல்மனைட்டில் மெக்னீசியம் அவ்வளவாக இருக்காது. காற்றும் தண்ணீரும் பட்டதில் இரும்பின் ஒரு பகுதி துருவின் பக்கம் நகர்ந்திருக்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கூரையைக் கிழித்த கல்

கல் விழுந்தது ஆனேக்கல் தாண்டி ஒரு ரோஜாத் தோட்டத்தில். பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணை. மத்தியானம் கூரையைக் கிழித்துக்கொண்டு பாத்தியில் இறங்கியிருக்கிறது. ஓசூர் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் கௌதமி. தோட்டக்காரர் கல்லை ஒரு பூக்கூடைக்குள் வைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார். சூடாக இருக்குமாம்.

"ஐயோ, தண்ணி படக்கூடாதுண்ணா, உள்ள இரும்பு இருக்கு, துரு புடிச்சிரும்," என்று சொல்லித் தன் துப்பட்டாவால் துடைத்து எடுத்து வந்தாள்.

முறைப்படி அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லி, ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கி, கல்லை இரண்டாக அறுத்தோம். ஒரு பாதி பீரோவில் பூட்டப்பட்டது. இன்னொரு பாதி டைரக்டரின் அறைக்குப் போனது. பார்வையாளர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பூட்டிய பாதி கல்லாகவே இருந்தது. டைரக்டரிடம் போன பாதிதான் பிரபலம் ஆனது.

மெக்னீசியம் எங்கே?

பிரஸ் மீட் முடிந்து, கேசரித் தட்டுகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை, கௌதமி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கத்த மாட்டீங்களே?"

"கத்துவேன். கேளு."

"இல்மனைட்டுல மெக்னீசியமே இல்லக்கா. அப்புறம், எல்லாத் துணுக்கும் உருண்டையா இருக்கு. ஒண்ணுகூடப் பாறையைத் தொடல. எல்லாம் பிளவுக்குள்ள ரெசின்ல மெதக்குது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரெசின் என்பது கல் உதிராமல் இருக்க நாங்கள் ஊற்றுகிற பசை. காற்றை உறிஞ்சிவிட்டு ஊற்றினால் எல்லாப் பிளவிலும் இறங்கிவிடும். பிளவில் ஏற்கெனவே ஏதாவது கிடந்தால் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பாறையில் விளைந்த துணுக்கு என்றால் பாறையை ஒட்டி, மூலையும் முடுக்குமாக இருக்கும். இவை அலையில் உருண்டு மழுங்கிய மணிகள்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"அதான்க்கா தெரியல. இன்னொண்ணும் இருக்கு. பக்கத்துலயே ஒரு கார்னெட். அதுக்கப்புறம் மோனசைட்."

நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டும் பூமிப் பாறைகளில் விளைகிற கனிமங்கள். இந்த மாதிரி விண்கல்லில் கார்னெட்டா? மோனசைட்டா? மீன் கடையில் தேங்காய் பர்பி இருக்கிற மாதிரி.

"டைரக்டர்கிட்ட சொன்னியா?"

"கார்னெட் சொன்னதும் 'நியூ ஃபேஸ், புதுக் கனிமம்'னாரு. மோனசைட் சொன்னதும் 'ரேர் எர்த்தும் இருக்கா!'ன்னு அந்த நிலாச் சுரங்கக்காரருக்குப் போன் பண்ணிட்டாருக்கா."

தீபாவளி வாழ்த்து

நானும் அவளும் அந்த வில்லை போன வழியைப் பின்னோக்கிப் பார்த்தோம். பட்டறை சுத்தம். பாலிஷ் போடும் துணி புதிது. டைரக்டரின் அறையிலிருந்த பாதியிலிருந்துதான் அது வெட்டப்பட்டது. வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பாதி எங்கே போயிற்று?

பதில் என் போனிலேயே இருந்தது. டைரக்டர் எல்லோருக்கும் அனுப்பியிருந்த தீபாவளி வாழ்த்து அட்டை.

அதில் எங்கள் ஆய்வுக்கூடத்து ஆயுத பூஜை. பெங்களூரில் ஆட்டோவிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் அன்றைக்குச் சந்தனம், குங்குமம் உண்டு. எங்கள் இடத்திலும் உண்டு. புரோப்பின் மேல் எலுமிச்சம்பழம் வைக்காதீர்கள் என்று வருஷா வருஷம் சண்டை போட்டுத் தோற்று, நான் அன்றைக்கு லீவு போட ஆரம்பித்திருந்தேன். கௌதமி அந்த வாரம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். தடுக்க வேண்டிய இரண்டு பேருமே அன்றைக்கு அங்கே இல்லை.

படத்தில் தரை முழுக்க ரங்கோலி. சூரியக் குடும்பம். நடுவில் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில், மாலை போட்டு, பொட்டு வைத்து, மணலில் பாதி புதைத்து, எங்கள் விண்கல். பின்னால் கைகூப்பிய டைரக்டர்.

ரங்கோலி போட்டது ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் சரோஜம்மா. கன்னடக்காரர். நல்ல மனுஷி. போய்க் கேட்டோம்.

"மேடம், இந்த ராத்திரி வானத்துக்கு கருப்பு எப்படிப் போட்டீங்க?"

சரோஜம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "சென்னாகிதே அல்வா, நல்லா இருக்குல்ல? ரங்கோலிப் பொடியில அந்த மினுமினுப்பு வராதம்மா. கன்னியாகுமரி டூர் போனேன்ல, அங்க ஏழு கலர் மணல் பாக்கெட்ல விக்கறாங்களே, அது! கருப்பு வானத்துக்கு, சிவப்பு செவ்வாய்க்கு. பேகா, வேணுமா? இன்னும் மிச்சம் இருக்கு."

கருப்பு, இல்மனைட். சிவப்பு, கார்னெட். மோனசைட்டும் அந்தக் கடற்கரை மணலோடு வருவதுதான். சூரியக் குடும்பமே பாக்கெட்டில் இருந்தது.

"கல்லை மணல்ல வெக்கச் சொன்னது யாரு?"

"சார்தான். நான் தட்டுல வெக்கலாம்னேன். போட்டோவுக்கு நல்லா இருக்காது, அழுத்தி வைங்கன்னாரு."

"அப்புறம் கல்லைக் கழுவலையா?"

"கழுவக் கூடாதுன்னு இந்தப் பொண்ணுதானே எல்லார்க்கும் சொல்லி வெச்சிருக்கா? துரு புடிக்கும்னு. சார் ஊதிட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு."

ஊதியிருக்கிறார். வாயால்.

மிச்ச மணலை வாங்கி வந்து புரோப்பில் வைத்தோம். எண்கள் அப்படியே ஒத்துப்போயின. கௌதமி திரையைப் பார்த்தபடி சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"அக்கா, எங்க தெருவுல பேனர் கட்டிட்டாங்கக்கா."

டைரக்டரின் புதிய கொள்கை

மணல், வில்லை, வாழ்த்து அட்டை மூன்றையும் மேசையில் வைத்து நான் பேசினேன். மெதுவாகத்தான் பேசினேன். வராந்தாவில் இருந்தவர்களுக்குக் கேட்டிருந்தால் அது கட்டடத்தின் கோளாறு.

டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க ஏன் இப்படி நெகட்டிவா யோசிக்கறீங்க மேடம்? அந்தக் கன்னியாகுமரி மணலே என்னைக்கோ ஒரு விண்கல்லுல இருந்து வந்திருக்கலாமே?"

மணல் பாக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். கத்தாமல் நான் ஒன்றைச் செய்த தருணங்கள் இந்தத் தொடரில் மிகக் குறைவு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

பிறகு கௌதமியைப் பார்த்தார். "ரிசர்ச் பேப்பர்ல நீதான் ஃபர்ஸ்ட் ஆத்தர். ஜெர்மனிக்காரங்க உன்னை அடுத்த ஆராய்ச்சிக்குக் கூப்பிடறதே இந்த வேலைக்காகத்தான். தீசிஸ்ல கைடுன்னு என் கையெழுத்து வேணும்ல? பேப்பரை முடி. பெரிய வாய்ப்பும்மா இது."

கடைசி வாக்கியத்தை மட்டும் மிகவும் அன்பாகச் சொன்னார்.

ஒக்கலிபுரத்தில்

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் டம்ளர் அதிர்கிற வீடு. தெருமுனையில் பேனர். கௌதமியின் படம், அவளைவிடப் பெரிய நிலா, 'நிலவைத் தொட்ட எங்கள் ஏரியா தங்கமே' என்ற எழுத்து. அப்பா ஸ்டேஷனில் பார்சல் மூட்டை தூக்குகிறார். அவரோடு வேலை செய்கிறவர்கள் காசு போட்டு வைத்தது.

அம்மா எனக்குக் காபி கொடுத்தாள். "மேடம், இது இன்னா ரெண்டு நாளா சோறு துன்ன மாட்டேங்குது. நெலா கல்லுன்னு ஊரே பேசுது, இது மூஞ்சிய தூக்கி வெச்சினுகீது."

"அம்மா, அது நெலாக் கல் இல்லம்மா," என்றாள் கௌதமி.

"பேப்பர்ல போட்டுக்கீறான்."

"பேப்பர்ல தப்பா போட்டுட்டான்."

அம்மா மகளை அல்ல, என்னைக் கேட்டாள். "அப்ப இதுக்கு டாக்டர் பட்டம் குடுக்க மாட்டாங்களா மேடம்?"

அதுதான் கேள்வி. உண்மையைச் சொன்னால் கையெழுத்து இல்லை. சொல்லாவிட்டால் பட்டம் வரும், ஜெர்மனி வரும், பிறகு அங்கே ஒருவன் அந்த எண்களைப் பார்த்து, "இது கடல் மணலாயிற்றே" என்பான். அன்றைக்கு டைரக்டர், "என் மாணவி செய்த தவறு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிரஸ் மீட்டுக்குப் போவார். விழுவது இவள்தான்.

"நான் பேப்பர்காரங்களைக் கூப்பிட்டு எல்லாத்தையும் போட்டு உடைச்சிடறேன்," என்றேன்.

"வேணாம்க்கா. நீங்க கத்துனா உங்க கோவம்தான் பேப்பர்ல வரும். என் தீசிஸ் வராது." காலி டம்ளர்களை எடுத்தாள். "பூட்டி வெச்ச பாதி இருக்குல்ல? அது பூஜைக்குப் போகலையே?"

பூட்டிய பாதி

ரிசர்ச் பேப்பரைப் பரிசீலிக்கும் ரெஃபரிகள் இன்னும் படங்கள் கேட்பார்கள் என்று டைரக்டரிடம் சொன்னாள். இன்னும் படங்கள் என்றதும் சாவியை உடனே கொடுத்துவிட்டார்.

இந்தமுறை அவளே வெட்டினாள், அவளே ரெசின் ஊற்றினாள், தண்ணீர் படாமல் ஸ்பிரிட்டில் துடைத்துப் பாலிஷ் போட்டாள். அறைக்கு வெளியே சரோஜம்மா வந்து நின்று, "நான் உள்ள வரலாமா, இல்ல மணல் கொட்டிருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு விஷயம் புரிந்து மனசு நொந்துபோயிருந்தது. "உங்க மேல தப்பு இல்ல மேடம், ரங்கோலி அழகா இருந்துச்சு," என்று கௌதமி கதவிடுக்கு வழியாகச் சொன்னாள்.

பிறகு தேடல். குளிர் அறையில் பம்பு சத்தத்தில் உட்கார்ந்து, வில்லையை ஓரத்திலிருந்து ஓரம் வரை. நாள் கணக்கில் ஒன்றும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. "இல்லைன்னு எழுதிட்டுப் போ. இல்லைங்கறதும் முடிவுதான்," என்றேன்.

"இருக்கறதை இல்லைன்னு எழுதினா அதுவும் பொய்தானேக்கா?"

ஒரு சாயங்காலம் கிடைத்தது. குரோமைட் என்ற கனிமத் துணுக்கு ஒன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, முடியின் தடிமனில் சின்னப் பங்குகூட இல்லாமல், மூலையும் முடுக்குமாக ஓர் இல்மனைட். மெஷினின் எலக்ட்ரான் கற்றையை அதன்மேல் வைத்தோம். மெக்னீசியம் இருந்தது. மாங்கனீசு இருந்தது. நான் போய் டீ வாங்கி வந்தேன். நான் யாருக்கும் டீ வாங்கி வருகிறவள் இல்லை.

தீசிஸில் எல்லாவற்றையும் எழுதினாள். முதல் வில்லையில் இருப்பது கடற்கரை மணல், அது எப்படி வந்தது, நிலாவுக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை, இரண்டாவது வில்லையில் உள்ள ஒற்றைத் துணுக்கு மட்டும் கல்லினுடையது. எதையும் மறைக்கவில்லை. தலைப்பில் 'இல்மனைட்' என்ற சொல் இருந்தது. டைரக்டர் மேசைமேல் தடிமனாக வைத்துவிட்டு வந்தாள். அவர் தலைப்பைப் பார்த்தார், நன்றியுரையில் தன் பெயரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நடுவில் இருந்ததைப் படிப்பது அவர் வழக்கமில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது.

வைவா

வைவா, அதாவது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, இங்கிலீஷில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

அதே ஆடிட்டோரியம். இந்தமுறை டி.வி. இல்லை, கேசரி இல்லை, மாரி பிஸ்கட். பின்வரிசையில் கௌதமியின் அப்பாவும் அம்மாவும், புரியாத மொழியில் மகள் பேசுவதை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரோஜம்மா அவர்களுக்குப் பக்கத்தில்.

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் ஒரு ஒல்லியான அம்மா. தீசிஸ் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். படித்திருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. டைரக்டர் முகத்தில் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

"இந்த அத்தியாயத்துல, பிரஸ் மீட்ல சொன்ன நிலாத் தொடர்பை நீங்க மறுக்கறீங்க. அது கடற்கரை மணல்ங்கறீங்க. உங்க கைடும் இதை ஒத்துக்கறாரா?"

அறை முழுக்க டைரக்டரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தன் கையெழுத்து இருந்த பக்கத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். எழுந்து நின்று கோட்டைச் சரிசெய்தார்.

"ஆஃப் கோர்ஸ். மாசு கலந்திருக்கான்னு பாக்கணும்னு ஆரம்பத்துல இருந்தே நான்தான் வலியுறுத்திட்டு வர்றேன். இந்தக் கண்டுபிடிப்புல என் பங்களிப்பைக் கௌதமியே சொல்லுவா."

எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். அதற்குள் கௌதமி பதில் சொல்லிவிட்டாள்.

"ஆமா மேடம். சார் இல்லைன்னா இது நடந்தே இருக்காது. கல்லை மணல்ல வெச்சது சார்தான்."

மரியாதையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, சரோஜம்மாவைத் தவிர. அவர் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். என்னவென்று கௌதமியின் அம்மா கேட்க, அவர் தமிழும் கன்னடமும் கலந்து காதில் சொல்ல, அம்மா "அய்ய!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். டைரக்டர் உட்கார்ந்தார். அதற்கப்புறம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸாமினர் அம்மா அந்த ஒற்றைத் துணுக்கைத் திரையில் போடச் சொன்னார். கிட்டே போய், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவ்வளவு பெரிய துணுக்கெல்லாம் கையில இருக்கறப்போ, கண்ணுக்கே தெரியாத இதை எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடினீங்க?"

கௌதமி யோசிக்கவே இல்லை.

"அதெல்லாம் நம்மளுது மேடம். இது ஒண்ணுதான் கல்லோடது."

எக்ஸாமினர் தீசிஸை மூடினார். வேறு கேள்வி இல்லை என்றார்.